விசா ரத்தும் 28 நாள் கெடுவும்: கணக்கு எங்கே தொடங்குகிறது, தவறினால் என்ன மிச்சம்

ஆஸ்திரேலியாவில் விசா ரத்தாகி, கெடு முடிந்த பிறகு, விசா முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்களின் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஏஜென்ட் சொல்லவே இல்லை, மெயில் ஜங்க் ஃபோல்டரில் கிடந்தது, பணம் புரட்ட நாளாகிவிட்டது. பெரும்பாலும் எல்லாம் உண்மைதான். படிக்கிற தீர்ப்பாய உறுப்பினருக்கு மனம் இளகவும் செய்யும். ஆனாலும் பதில் ஒன்றுதான்: இந்த மனுவை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகார வரம்பு இல்லை.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. நம்மூர் நீதிமன்றத்தில் அப்பீல் தாமதமானால், லிமிட்டேஷன் சட்டத்தின் 5வது பிரிவைச் சொல்லி, தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு போடுவார்கள். காரணம் நியாயமாகப் பட்டால் நீதிபதி ஏற்றுக்கொள்வார். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் கடிதம் எழுதுகிறார்கள். 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் விசா ரத்துக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. குறித்த நாளுக்குள் மனு வந்தால்தான் தீர்ப்பாயத்துக்கு அந்த விஷயத்தைத் தொடும் அதிகாரமே பிறக்கிறது. பெனி வழக்கில் 2018இல் ஃபெடரல் கோர்ட்டின் முழு அமர்வு இதைத் தெளிவாகவே சொன்னது: மற்ற விஷயங்களில் காலநீட்டிப்புத் தரும் பொதுவான அதிகாரம் குடிவரவு மனுக்களுக்குப் பொருந்தாது. 2024 அக்டோபர் 14 அன்று ஏஏடி என்ற பழைய தீர்ப்பாயம் போய் ஏஆர்டி என்ற புதிய தீர்ப்பாயம் வந்தபோதும் இந்த நிலை மாறவில்லை. சென்டர்லிங்க் உதவித்தொகை விஷயத்திலோ, என்டிஐஎஸ் என்ற மாற்றுத்திறனாளி உதவித் திட்ட விஷயத்திலோ அதே தீர்ப்பாயம் யாருக்கோ காலநீட்டிப்புக் கொடுத்தது என்று நண்பர் சொன்னால், அது உண்மையாக இருக்கலாம். உங்கள் விசாவுக்கு அது உதவாது.

ஆகவே தாமதத்துக்குக் காரணம் என்ன என்று எழுதுவதில் பயன் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கெடு உண்மையிலேயே எந்த நாளில் ஓடத் தொடங்கியது? தொடங்கியதா என்பதே சில சமயம் கேள்விதான். தப்பிக்க வழி இருந்தால் அங்கேதான் இருக்கும்.

முதலில் எண்கள். மாணவர் விசா, வேலை விசா போன்றவற்றை 116வது பிரிவில் ரத்து செய்தாலும், விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லி 109வது பிரிவில் ரத்து செய்தாலும், அறிவிப்புக் கிடைத்த நாளுக்குப் பிறகு 28 நாளுக்குள் ஏஆர்டியில் மனு போட வேண்டும். அறிவிப்புக் கிடைத்த நாளில் நீங்கள் குடிவரவுத் தடுப்புக் காவலில் இருந்தால் 7 நாள்தான். நன்னடத்தை அடிப்படையில் 501வது பிரிவில் வரும் முடிவுகளுக்கு 9 நாள். இணையத்தில் பழைய பதிவுகளைத் தேடினால் 7 வேலை நாள், 21 நாள் என்றெல்லாம் கிடைக்கும். அவை ஏஏடி காலத்து எண்கள். அவற்றை நம்பி, ஏற்கெனவே கெடு முடிந்துவிட்டது என்று மனம் உடைந்து போனவர்களும் உண்டு. எண்ணைப் பழைய பதிவில் தேடாதீர்கள். கையில் இருக்கும் கடிதத்தையும் இன்றைய சட்டத்தையும் பாருங்கள்.

இனி நாள் கணக்கு. நீங்கள் கடிதத்தைப் படித்த நாள் இதில் வரவே வராது. சட்டம் எந்த நாளில் உங்களுக்குக் கிடைத்ததாகக் கருதுகிறதோ அந்த நாள்தான் தொடக்கம். 494சி பிரிவு அதைச் சொல்கிறது. கையில் கொடுத்தால் கொடுத்த அந்த நேரமே. மெயிலில் அனுப்பினால் அனுப்பிய நாளின் முடிவில். நீங்கள் திறந்தீர்களா, ஜங்கில் விழுந்ததா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ஆஸ்திரேலியாவுக்குள் ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்குத் தபாலில் போனால், கடிதத்தின் தேதியிலிருந்து 7 வேலை நாள் கழித்து. ஒரு முனை வெளிநாடு என்றால் 21 நாள்.

ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். ரத்துக் கடிதத்தின் தேதி 2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை. அன்றே மெயிலில் வந்தது என்றால், அன்றே கிடைத்ததாகக் கணக்கு. மறுநாள் 4ஆம் தேதி முதல் நாள். 28வது நாள் அக்டோபர் 31. அதே கடிதம் தபாலில் சிட்னி முகவரிக்குப் போனால்? வேலை நாளை, கடிதம் போய்ச் சேரும் ஊரின் விடுமுறைப்படி எண்ண வேண்டும். அக்டோபர் 6, திங்கள், நியூ சவுத் வேல்ஸில் தொழிலாளர் தின விடுமுறை. அதனால் 7ஆம் தேதிதான் முதல் வேலை நாள். ஏழாவது, 15ஆம் தேதி. அங்கிருந்து 28 நாள் எண்ணினால் நவம்பர் 12. மெல்பர்ன் முகவரி என்றால் 6ஆம் தேதி அங்கே விடுமுறை இல்லை. ஏழாவது வேலை நாள் 14ஆம் தேதி, கெடு நவம்பர் 11. ஒரே கடிதம், ஒரே தேதி, இரண்டு ஊருக்கு இரண்டு கடைசி நாள். அதிகார வரம்பு என்பது சில வழக்குகளில் இந்த ஒரு நாளில்தான் நிற்கிறது. அதனால் மனத்தில் எண்ணாமல் அந்த ஆண்டின் காலண்டரை எடுத்து வைத்து, விடுமுறைகளைக் குறித்து, ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ண வேண்டும். கடைசி நாள் சனி, ஞாயிறு, விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் வரை செல்லும் என்று பொதுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் கெடு தவறிய பிறகு வாதமாக வைத்துக்கொள்ளுங்கள். திட்டமிடும்போது அதை நம்ப வேண்டாம்.

கடிதம் ஏஜென்டுக்குப் போயிருந்தால் என்ன? 956 படிவத்திலோ 956ஏ படிவத்திலோ ஒருவரை உங்கள் சார்பில் கடிதம் பெறுபவராகக் காட்டியிருந்தால், அவருக்குப் போனாலே உங்களுக்குக் கிடைத்ததாகத்தான் சட்டம் கருதும். நான்கு ஆண்டுக்கு முன் கல்லூரி மாற்றிக் கொடுத்த ஏஜென்டின் பெயர் இன்னும் கோப்பில் இருக்கிறதா என்று பலர் பார்ப்பதே இல்லை. விசா விண்ணப்பங்களுக்கான ஆன்லைன் கணக்கான இம்மிஅக்கவுன்டில் நுழைந்து உங்கள் மெயில், முகவரி, சார்பாளர் மூன்றையும் இன்றே சரிபார்த்துக்கொள்ளலாம். விசாவுக்கு எந்தப் பிரச்சினையும் வராத நாளில் செய்ய வேண்டிய வேலை அது. வீடு மாறினால் 929 படிவம். ஏஜென்ட் அசட்டையாக இருந்தார் என்றால் அவரைப் பதிவு செய்யும் ஓஎம்ஏஆர்ஏவில் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் புகார் போன நாள்களைத் திருப்பித் தராது.

நாள் ஒருபுறம் இருக்க, அதிகார வரம்பு வேறு சில இடங்களிலும் அடிபடும். அதிகம் பேர் விழுகிற பள்ளம் பயணம். உள்நாட்டில் இருக்கும்போது ரத்தான விசாவுக்கு, மனு போடும் நேரத்திலும் நீங்கள் ஆஸ்திரேலியாவுக்குள் இருக்க வேண்டும். ரத்துக் கடிதம் கண்டதும் பயந்து சென்னைக்கோ கொழும்புக்கோ டிக்கெட் போட்டுப் போய், அங்கே உட்கார்ந்து நிதானமாக மனு தயாரிக்கலாம் என்று நினைத்தால், 28 நாளில் 20 நாள் மிச்சம் இருந்தாலும் மனு செல்லாது. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே ரத்து செய்தால் பொதுவாகத் தீர்ப்பாயத்துக்குப் போகவே முடியாது. விமான நிலையத்தில் குடிவரவுச் சோதனையைத் தாண்டும் முன் ரத்து செய்தாலும் அப்படித்தான். அமைச்சரே நேரில் எடுத்த முடிவு என்றாலும் தீர்ப்பாயம் இல்லை. இன்னொன்று: முதன்மை விசாதாரரின் விசா போனதால் மனைவி, பிள்ளைகளின் விசா 140(1) பிரிவில் தானாகவே போயிருந்தால், அதில் தனியாக ஒரு முடிவு எடுக்கப்படவில்லை என்பதால் அவர்கள் பெயரில் தனி மனு நிற்காது. முதன்மை விசாதாரர் போடும் மனுவில்தான் எல்லாரும் நிற்கிறார்கள். இது தெரியாமல் மனைவி பெயரில் மட்டும் போட்டுவிட்டு இருந்தால், கெடு முடிந்த பிறகு திருத்த வழியில்லை.

501 விஷயத்தில் குழப்பம் இரட்டிப்பு. ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்று முழுநேரச் சிறையில் இருக்கும்போது விசா கட்டாயமாக ரத்தானால், முதல் படி தீர்ப்பாயம் கிடையாது. ரத்தை விலக்கக் கோரி 28 நாளுக்குள், விசா விஷயங்களைப் பார்க்கும் உள்துறைக்கே எழுத வேண்டும். துறை அதிகாரி மறுத்த பிறகுதான் தீர்ப்பாயம். அதற்குத்தான் அந்த 9 நாள். வேலை நாள் என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். சனி ஞாயிறும் சேர்ந்துதான் 9. முதல் கட்டத்தில் 28 நாள் இருந்ததால் இரண்டாவதிலும் 28 இருக்கும் என்று நினைத்து, சிறையிலிருந்து தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். குடும்பத்தார் யாராவது வெளியிலிருந்து ஆன்லைனில் போட அவரிடம் கையெழுத்துடன் ஓர் ஒப்புதல் வாங்கி வைத்திருப்பது பாதுகாப்பு. மனு போட்ட பிறகும் கடிகாரம் நிற்காது: அறிவிப்புக் கிடைத்து 84 நாளுக்குள் தீர்ப்பாயம் முடிவு சொல்லாவிட்டால், துறையின் முடிவையே உறுதி செய்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே சாட்சிக் கடிதங்களையும் மனநல அறிக்கைகளையும் மனு போட்ட மறுநாளே திரட்டத் தொடங்க வேண்டும்.

நல்ல மனுவாக எழுதிப் பிறகு போடலாம் என்று காத்திருப்பதும் ஆபத்து. மில்லர் வழக்கில் ஒருவர் 9 நாளுக்குள் மனு போட்டிருந்தார். ஆனால் ஏன் முடிவு தவறு என்று காரணம் எழுதவில்லை. அதனால் அதிகார வரம்பு இல்லை என்று ஏஏடி திருப்பி அனுப்பியது. 2024 ஏப்ரலில் ஹைகோர்ட் அது தவறு என்றது. ஒரு காரண அறிக்கை இல்லாததால் மட்டும் மனு செல்லாமல் போகாது. (இந்தியாவில் ஹைகோர்ட் என்பது மாநில அளவு, ஆஸ்திரேலியாவில் அதுதான் உச்ச நீதிமன்றம்.) தீர்ப்பு ஆறுதல்தான், ஆனால் அந்த மனிதர் அதற்காக ஹைகோர்ட் வரை போக வேண்டியிருந்தது. பெயர், முடிவின் தேதி, அறிவிப்புக் கடிதத்தின் நகல், இரண்டு வரியில் காரணம். இவ்வளவையும் வைத்து உடனே போட்டுவிடுங்கள். விரிவான வாதமும் ஆவணமும் பின்னால் போகலாம். விசா ரத்து மனுவின் கட்டணம் 3,000 டாலருக்கு மேல். முழுதும் கையில் இல்லை என்றால் பணம் சேரும் வரை காத்திருக்காமல், மனுவோடு சேர்த்தே நிதி நெருக்கடியைக் காட்டிப் பாதிக் கட்டணச் சலுகை கேளுங்கள். துறைக்கு மெயில் எழுதி மறுபடி பாருங்கள் என்று கெஞ்சுவதும், பதிலுக்காக இரண்டு வாரம் காத்திருப்பதும் கெடுவை ஒரு மணி நேரம்கூட நிறுத்தாது.

சரி, கெடு தாண்டிவிட்டது. இப்போது கடிதத்தை மேஜையில் விரித்து, விசாவைப் பற்றி அல்லாமல் கடிதத்தைப் பற்றியே ஆராய வேண்டும்.

மேலே தேதி. அதற்குக் கீழே விண்ணப்ப எண், கோப்பு எண், எந்த வழியில் அனுப்பினார்கள் என்ற குறிப்பு. மெயில் என்றால், எந்த முகவரிக்கு? ஒரு எழுத்து பிசகினாலும் பாருங்கள். நீங்கள் கடைசியாகக் கடிதம் பெறுவதற்கென்று துறைக்குக் கொடுத்த முகவரி அதுதானா? புது முகவரியை 929இல் கொடுத்த பிறகு பழைய முகவரிக்கு அனுப்பியிருந்தால் அது பெரிய விஷயம். தபால் என்றால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தின் தேதியிலிருந்து 3 வேலை நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டும், அதைச் சொல்வது அஞ்சல் முத்திரைதான்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அனுப்பிய விதத்தில் பிழை இருந்தும் கடிதம் எப்படியோ உங்கள் கைக்கு வந்துவிட்டால், அனுப்பிய விதத்துக்கு உரிய நாளிலேயே கிடைத்ததாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வந்தது என்று நீங்கள் காட்டினால், வந்த நாளிலிருந்து கணக்கு ஓடும். பிழை கெடுவைத் தள்ளிப் போடுமே தவிர அழிக்காது. கடிதத்தின் உள்ளடக்கத்தில் பிழை என்றால் கதை வேறு. 127வது பிரிவின்படி, எந்தக் காரணத்தில் ரத்து, மறுபரிசீலனை உண்டா, உண்டென்றால் எத்தனை நாளுக்குள், யார் மனு போடலாம், எங்கே போட வேண்டும் என்பதையெல்லாம் கடிதம் சொல்லியாக வேண்டும். டிஎஃப்கியூ17 என்று பெயர் மறைத்துப் பதிவான வழக்கில், 2019இல் ஃபெடரல் கோர்ட்டின் முழு அமர்வு ஒரு விசா மறுப்புக் கடிதத்தை எடுத்து, அதன் பல பக்கங்களில் சிதறிக் கிடந்த துணுக்குகளைச் சேர்த்தால்தான் கடைசி நாள் தெரிகிறது, சாதாரண மனிதருக்கு அது புரியாது என்று கண்டு, கெடு தொடங்கவே இல்லை என்று தீர்த்தது. அதே ஆண்டு பிஎம்ஒய்18 வழக்கும் அதே வழியில் போனது. 501 விஷயத்தில், 28 நாளுக்குள் துறைக்கு எழுதச் சொல்லும் அழைப்பு அந்தக் காலத்தைச் சரியாகக் கணிக்கும்படி இருக்க வேண்டும் என்று 2021இல் இஎஃப்எக்ஸ்17 வழக்கில் ஹைகோர்ட் சொன்னது. கடிதத்தைப் பெற்றவருக்கு ஆங்கிலம் தெரியுமா, படிக்கத் தெரியுமா என்பதை அதே தீர்ப்பு கணக்கில் எடுக்க மறுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்ற வாதம் நிற்காது. ஆங்கிலம் தெரிந்தவருக்கும் இந்தக் கடிதத்தில் கடைசி நாள் புரியாது என்ற வாதம் நிற்கலாம்.

இந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகு துறை தன் கடித வாசகங்களைத் திருத்திவிட்டது. அதனால் இப்போது வரும் கடிதங்களில் பிழை கிடைப்பது அரிது. பழைய ரத்துகளில், அல்லது அவசரத்தில் தடுப்பு முகாமில் வைத்துக் கொடுத்த கடிதங்களில் தேடுவது வீண் போகாது. பிழை உறுதியானால், முறையாக மறுபடி அறிவிக்கும்படி துறையைக் கேட்கலாம். முதல் அறிவிப்பு சரியாக இருந்து, துறை மரியாதைக்காக ஒரு நகலை மறுபடி அனுப்பினால், அந்த இரண்டாவது கடிதம் புதிதாக 28 நாள் தராது.

துறையின் கோப்பு இல்லாமல் இதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கோப்பைக் கேளுங்கள். சட்டப்படி 30 நாள், நடைமுறையில் நீளலாம். ரத்து முடிவு என்று மட்டும் எழுதாமல், அறிவிப்புக் கடிதம், மெயில் அனுப்பிய பதிவு, 956, 956ஏ, 929 படிவங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வேண்டியது வரும். ஆனால் கோப்பு வரும் வரை மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம். கெடு தாண்டிய மனுவைப் போட்டால், அதிகார வரம்பு இல்லை என்று தோன்றுகிறது, கருத்துச் சொல்லுங்கள் என்று தீர்ப்பாயம் ஒரு கடிதம் அனுப்பும். அந்தப் பதிலில் அம்மாவின் உடல்நிலை வேண்டாம். அறிவிப்பு எந்த நாளில், எந்த முகவரிக்கு, எந்த வாசகத்தோடு வந்தது என்பது மட்டும்.

இந்தப் பதில் ஏன் முக்கியம் என்றால், அடுத்த கட்டம் அதன் மேல்தான் நிற்கிறது. கெடுவைத் தவறவிட்டவர், துறையின் ரத்து முடிவையே நேரடியாக ஃபெடரல் சர்க்யூட் அண்ட் ஃபேமிலி கோர்ட்டுக்கு எடுத்துப்போக முடியாது. தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கக்கூடிய முடிவுகளை அந்தக் கோர்ட் தொட 476வது பிரிவு தடை போடுகிறது. ஆனால் அதிகார வரம்பு இல்லை என்ற தீர்ப்பாயத்தின் முடிவை அங்கே எதிர்க்கலாம். அங்கே கோர்ட் தீர்ப்பாயத்தின் கணக்கை அப்படியே ஏற்காது. அறிவிப்பு எப்போது நடந்தது என்பதைத் தானே பார்த்து முடிவு செய்யும். கெடு, தீர்ப்பாய முடிவின் தேதியிலிருந்து 35 நாள். இந்த 35 நாளுக்கு மட்டும், நீதி நிர்வாகத்தின் நலனுக்கு அவசியம் என்று காரணம் காட்டி எழுத்தில் கேட்டால், காலநீட்டிப்பு உண்டு. அம்மாவின் உடல்நிலை, ஏஜென்டின் மௌனம் எல்லாம் பேச வேண்டிய இடம் இதுதான். மருத்துவச் சான்றும் மெயில் நகலும் பிரமாணப் பத்திரத்தோடு இணைய வேண்டும். துறையின் மூல முடிவைத் தாக்க அரசியலமைப்பின் 75(v) பிரிவில் ஹைகோர்ட் இருக்கிறது. செலவும் ஆபத்தும் அதிகம், வக்கீல் இல்லாமல் இறங்க வேண்டாம்.

அமைச்சரிடம் முறையிடலாமே என்று பலர் கேட்பார்கள். 351வது பிரிவில் அமைச்சர் தலையிடுவது, தீர்ப்பாயம் வழக்கை விசாரித்து எடுத்த முடிவுக்குப் பதிலாக வேறு முடிவை வைப்பதற்கு. அதிகார வரம்பே இல்லை என்று மனு திரும்பிய இடத்தில் மாற்றி வைக்க ஒரு முடிவு இல்லாததால், அந்தக் கதவும் பொதுவாகச் சேர்ந்தே மூடிக்கொள்கிறது.

இதற்கிடையில் நாட்டில் உங்கள் நிலை என்ன என்பதைத் தள்ளிப் போடக் கூடாது. விசா ரத்தான கணத்திலிருந்து நீங்கள் சட்டப்படி விசா இல்லாதவர். தடுப்பில் வைக்க அதிகாரிக்குக் கடமையே உண்டு. இடைக்கால விசாவான பிரிட்ஜிங் விசா ஈ-க்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும், அதில் வேலை உரிமை வருகிறதா என்று நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். 48வது பிரிவின் தடையால் நாட்டுக்குள்ளிருந்து புதிதாக வேறு விசா கேட்பது மிகச் சில வகைகளுக்குத்தான் முடியும். ரத்தின் காரணத்தைப் பொறுத்து, 4013 என்ற தகுதி விதியால் மூன்று ஆண்டுக்குப் பல தற்காலிக விசாக்கள் கிடைக்காமலும் போகலாம். உதவிக்குப் போகும் ஆளிடம் ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கிறதா, அல்லது அவர் வக்கீலா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் தமிழ்க் கடையிலும் கோயிலிலும் ஆலோசனை சொல்பவர்கள் பழைய எண்களைத்தான் சொல்வார்கள். லீகல் எய்டுக்கு ஃபோன் செய்ய ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் டிஐஎஸ் என்ற மொழிபெயர்ப்புச் சேவை மூலம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பேசும்போது முதல் வாக்கியத்திலேயே கடிதத்தின் தேதியையும் அது வந்த வழியையும் சொல்லிவிடுங்கள்.